ஆகஸ்ட் 1, முதல் கதிர், முதல் ரொட்டி: லூனசா, லாமாஸ் பற்றிய குழப்பங்களுக்கு ஒரு விளக்கம்

ஜூலை முடியும் நேரத்தில் இணையத்தில் கோதுமைக் கதிர், கதிர்க்கட்டு வடிவ ரொட்டி, வைக்கோல் பொம்மை என்று படங்கள் வரத் தொடங்கும். சிலர் 'லூனசா' வாழ்த்து சொல்வார்கள், சிலர் 'லாமாஸ்' வாழ்த்து சொல்வார்கள். ஆண்டின் முதல் அறுவடைக்கான ஐரோப்பியப் பேகன் திருவிழா என்று கீழே ஒரு வரி விளக்கம் இருக்கும். தேதி ஆகஸ்ட் 1 என்பார் ஒருவர், ஜூலை 31 மாலை என்பார் இன்னொருவர், ஆகஸ்ட் 7 என்பார் மூன்றாமவர். ஆஸ்திரேலியாக்காரர் பிப்ரவரியிலேயே கொண்டாடி முடித்திருப்பார்.

நான்கு பேர் சொல்வதும் அவரவர் கணக்கில் சரி. அயர்லாந்தின் மலைக்கூட்டம், இங்கிலாந்தின் தேவாலய ரொட்டி, 20ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு சமயம் ஆகிய மூன்றும் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்பதால்தான் குழப்பம். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டால் எது பழையது, எது புதியது, எதற்குச் சான்று உண்டு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## முதலில் பெயர்கள்

1. லூனசா: அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு ஆகிய கேலிக் மொழிப் பகுதிகளின் கோடைக்கால விழா. நவம்பர், பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாதங்களின் முதல் நாளில் வரும் நான்கு பருவத் திருநாள்களில் ஒன்று. லூ என்ற தெய்வத்தின் பெயரால் வழங்குகிறது. இன்றைய ஐரிஷ் மொழியில் ஆகஸ்ட் மாதத்தின் பெயரே லூனசாதான்.

2. லாமாஸ்: ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தின் கிறிஸ்தவ நாள். 'ரொட்டித் திருப்பலி' என்று பொருள். புதுத் தானியத்தில் சுட்ட ரொட்டியைத் தேவாலயத்தில் மந்திரித்து வாங்குவது அதன் சாரம்.

3. பேகன்: கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய சமயங்களுக்குக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். இன்று விக்கா, புதிய ட்ரூயிட் மரபு போன்ற நவீன சமயங்களைச் சேர்ந்தவர்கள் தாங்களே விரும்பி ஏற்றுக்கொண்ட அடையாளமும் அதுதான். ஒரு கட்டுரையில் 'பேகன் வழக்கம்' என்று வந்தால் இரண்டில் எது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

## தேதி ஏன் இத்தனை?

பழைய கேலிக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். அதனால் ஜூலை 31 மாலையே விழா ஆரம்பம்.

ஆகஸ்ட் 7க்குக் காரணம் வானியல். கோடையின் நீண்ட பகல் நாளுக்கும், பகலும் இரவும் சமமாகும் இலையுதிர்காலச் சமநாளுக்கும் நடுப்புள்ளி அந்தத் தேதியை ஒட்டித்தான் விழுகிறது. ஜூன் 21லிருந்து ஆகஸ்ட் 1 வரை 41 நாள். அங்கிருந்து சமநாள் வரை ஐம்பதுக்கும் மேல். 'சரிபாதி நாள்' என்ற பெயருக்கு ஆகஸ்ட் 1 பொருந்தவில்லை என்று கருதுபவர்கள் ஒரு வாரம் தள்ளிக் கொண்டாடுகிறார்கள். தெற்குக் கோளத்தில் பருவம் தலைகீழ் என்பதால் அங்கே பிப்ரவரித் தொடக்கம்.

பலரும் கவனிக்காத இன்னொரு தேதியும் உண்டு: ஆகஸ்ட் 12. பிரிட்டன் 1752இல் ஜூலியன் நாள்காட்டியை விட்டு கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. பதினொரு நாள் காணாமல் போனது. காகிதத்தில் தேதி மாறியதற்காகக் கதிர் முன்கூட்டி முற்றாது அல்லவா? பல ஊர்கள் வேலைகளைப் பழைய நாளிலேயே வைத்துக்கொண்டன. அந்தப் 'பழைய லாமாஸ்' புதுக் கணக்கில் ஆகஸ்ட் 12இல் வந்தது.

## ஆகஸ்ட் 1இல் என்னதான் விளைந்திருக்கும்?

முக்கியமான கேள்வி இதுதான். விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

தெற்கு இங்கிலாந்தில் முந்தைய இலையுதிர்காலத்தில் விதைத்த பார்லி ஜூலையிலேயே அறுவடைக்கு வரும், கோதுமை ஆகஸ்டில். ஆனால் அயர்லாந்தின் மேற்கிலும் ஸ்காட்லாந்தின் தீவுகளிலும் முதன்மைப் பயிர் வசந்தத்தில் விதைத்த ஓட்ஸ். அது ஆகஸ்ட் இறுதிக்கு முன் முற்றாது. மழை ஆண்டென்றால் செப்டம்பர். ஆகஸ்ட் 1 அன்று வயல் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும்.

அப்படியானால் கொண்டாடியது எதை? பழைய தானியம் தீர்ந்து புதியது வராத இடைவெளி முடிகிறது என்பதை. போன ஆண்டின் இருப்பு ஜூனில் தட்டிப்போகும். ஜூலை பசி மாதம். அயர்லாந்தில் அதற்குப் 'பஞ்ச ஜூலை' என்றும், முட்டைக்கோஸைத் தவிர வேறெதுவும் இல்லாததால் 'முட்டைக்கோஸ் ஜூலை' என்றும் பெயர். இந்த நாள்களில் முற்றாத பயிரில் கை வைத்தால் அன்றைய வயிறு நிறையும், விளைச்சல் குறையும். ஒரு குடும்பம் கை வைத்தால் அடுத்த வீடும் தொடங்கிவிடும். ஆகவே 'இந்த நாளுக்கு முன் தொடக்கூடாது' என்ற கட்டுப்பாட்டின் எல்லைக்கோடாகத்தான் இந்த விழாவைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அறுவடை முடிந்த களிப்பு இதில் இல்லை; அது செப்டம்பரில் வரும் வேறு விழா.

உருளைக்கிழங்கு கதை இதைத் தெளிவாகக் காட்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கிழங்கு அயர்லாந்து ஏழைகளின் முதன்மை உணவானதும், பழைய விழா அப்படியே கிழங்குக்கு மாறிக்கொண்டது. ஜூலையின் கடைசி ஞாயிறோ ஆகஸ்டின் முதல் ஞாயிறோதான் புதுக் கிழங்கு தோண்டும் நாள். அதற்கு முன் தோண்டினால் நல்லதல்ல என்ற நம்பிக்கை ஒருபுறம்; 'இருப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத வீடு' என்ற ஊர்ப்பேச்சு மறுபுறம். அன்று முதல் கிழங்கை வேகவைத்து மசித்து, வெண்ணெயும் பாலும் சேர்த்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். பயிர் மாறியும் விதி மாறவில்லை.

## ஒரு கைப்பிடிக் கதிர் ரொட்டியாவது எப்படி?

முழு வயல் முற்றாவிட்டாலும் வெயில் படும் மேட்டில் ஒரு கைப்பிடி முன்னதாகவே மஞ்சளாகும். சடங்குக்கு அது போதும். ஆனால் புதுக் கதிரை நேராக அரைக்க முடியாது. ஈரம் அதிகமாக இருந்தால் திரிகைக் கல்லில் மாவாகாமல் பசையாக ஒட்டும். ஓட்ஸுக்கும் பார்லிக்கும் உமி வேறு இறுகப் பற்றியிருக்கும். இரண்டையும் தீர்க்க ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒரு விரைவு முறை இருந்தது. 1703இல் வெளியான ஒரு பயணக் குறிப்பு அதை விவரிக்கிறது:

1. ஒரு பெண் உட்கார்ந்து இடது கையில் கதிர்க் கொத்தைப் பிடித்து நுனியில் தீ வைப்பாள்.
2. வலது கையில் ஒரு குச்சி. உமி கருகி மணி கருகாத அந்த நொடியில் தட்டி மணியை உதிர்ப்பாள்.
3. உதிர்ந்ததைப் புடைத்து, திரிகையில் அரைத்து, சுட்டெடுப்பார்கள்.

வயலில் அறுத்த கதிர் ஒரு மணி நேரத்தில் ரொட்டியாகிவிடும் என்கிறது அந்தக் குறிப்பு. குச்சியை ஒரு நொடி முந்தித் தட்டினால் உமி போகாது, பிந்தினால் கரிதான் மிஞ்சும். வைக்கோல் முழுதும் எரிந்து வீணாகிறது என்று 1630களில் அயர்லாந்தில் இந்த முறைக்குச் சட்டத் தடையே வந்தது. ஆட்சியாளர் கண்ணில் அது வீண். பசியோடு காத்திருந்தவருக்கு அன்றைய சாப்பாடு.

அதே தீவுகளில் 19ஆம் நூற்றாண்டில் நாட்டுப்புறச் சேகரிப்பாளர் அலெக்சாண்டர் கார்மைக்கேல் திரட்டிய வழக்கம் நிதானமானது. நாள் ஆகஸ்ட் 15, மாதாவின் திருநாள். விடியலில் வயலுக்குப் போய்ப் பழைய வகைப் பார்லிக் கதிரைப் பறிப்பார்கள். பாறை மேல் வெயிலில் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து உமி நீக்கி, திரிகையில் அரைத்து, ஆட்டுத்தோல் மேல் பிசைந்து வட்ட ரொட்டியாகத் தட்டி, ரோவன் மரத் தீயில் வாட்டுவார்கள். குடும்பத் தலைவர் பிட்டு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வயது வரிசையில் கொடுப்பார். பிறகு மாதாவைப் பாடியபடி தீயைச் சூரியன் சுற்றும் திசையில் வலம் வருவார்கள். அந்தத் தீவுகளில் தானியம் எப்போது கிடைக்குமோ அந்தத் தேதிக்குச் சடங்கு நகர்ந்துவிட்டது. மாதா பெயரில் நடப்பதால் இது பேகன் இல்லை என்றும் சொல்லலாம், தோலுக்கடியில் பேகன்தான் என்றும் சொல்லலாம். செய்தவர்கள் தங்களைக் கத்தோலிக்கர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

## அயர்லாந்து: மலையும் சந்தையும்

இடைக்கால ஐரிஷ் எழுத்துகளின்படி லூவின் வளர்ப்புத் தாய் டால்ட்யூ. காட்டை அழித்து வயலாக்கிய உழைப்பில் உயிர் விட்டாள். அவள் நினைவாக லூ விளையாட்டுப் போட்டிகளையும் பெருங்கூட்டத்தையும் தொடங்கினான். மீத் மாவட்டத்து டெல்டவுனில் அந்தக் கூட்டம் உண்மையிலேயே நடந்தது. 1168இல் அரசர் ருவாரி ஓ கோனர் கூட்டியது ஆண்டுக்குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. புதிதாக விடுதலை பெற்ற அயர்லாந்து அரசு 1924, 1928, 1932 ஆண்டுகளில் அதே பெயரில் தேசிய விளையாட்டு விழா நடத்தியது. ஆக, டெல்டவுனைப் பொறுத்தவரை உறுதியாகத் தெரிவது அரசரும் ஓட்டப்பந்தயமும் கூடிய மக்கள் திரளும்தான். கதிர்ச் சடங்குக்கு அங்கே சான்று மெலிவு.

கதிர்ச் சடங்கு எங்கிருந்து வருகிறது? ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் திரட்டிய வாய்மொழித் தகவல்களை வைத்து மாய்ரா மெக்நீல் 1962இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. முதல் கதிரை அறுத்து உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தல், புது உணவையும் காட்டு பில்பெரிப் பழத்தையும் எல்லோரும் உண்ணுதல், காளை பலி, தானியத்தைப் பதுக்கி வைத்திருக்கும் க்ரோம் டூ என்பவனை வென்று லூ அதை மக்களுக்குப் பெற்றுத் தரும் நடனக்கூத்து என்று பழைய விழாவை அவர் மீட்டுருவாக்கினார். இன்றைய பேகன் கையேடுகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. மிகக் கவனமான உழைப்புதான், மறுப்பில்லை. ஆனால் 19, 20ஆம் நூற்றாண்டு நினைவுகளிலிருந்து பின்னோக்கி ஊகித்தது. நேரில் கண்டவர் எழுதிய குறிப்பு என்று அதை மேற்கோள் காட்டுவது தவறு.

உயிரோடு இருக்கும் வழக்கங்கள் இரண்டைச் சொல்லலாம். மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள க்ரோ பேட்ரிக் மலையில் ஜூலையின் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர், சிலர் வெறுங்காலோடு, ஏறுகிறார்கள். பேட்ரிக் புனிதரின் பெயரில் நடக்கும் யாத்திரை. நாள் மட்டும் பழைய விழாவின் நாள். கெரி மாவட்டத்துக் கில்லோர்க்ளினில் ஆகஸ்ட் 10 முதல் 12 வரை மலையிலிருந்து பிடித்து வந்த ஒரு காட்டு ஆட்டுக் கிடாவுக்கு முடிசூட்டி, உயர்ந்த மேடையில் ஏற்றி வைப்பார்கள். இதைப் பேகன் எச்சம் என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் அடித்துச் சொல்லும். கையில் இருக்கும் பழைய ஆவணம் சந்தை நடத்த 1613இல் தரப்பட்ட உரிமம்தான்.

## இங்கிலாந்து: ரொட்டியும் மேய்ச்சல் நிலமும்

லாமாஸ் ரொட்டி வழிபாட்டுக்கு மட்டுமல்ல, எலியையும் பூச்சியையும் விரட்டவும் பயன்பட்டது. மந்திரித்த ரொட்டியிலிருந்து நான்கு துண்டு எடுத்துக் களஞ்சியத்தின் நான்கு மூலையிலும் உதிர்த்துப் போடச் சொல்லும் பழைய ஆங்கில மந்திரக் குறிப்பு ஒன்று இருக்கிறது. தேவாலயமும் வயல் மந்திரமும் ஒரே ரொட்டியில் சேர்ந்த இடம் இது.

ஆனால் லாமாஸ் ஆழமாகப் பதிந்தது நில உரிமையில்தான். 'லாமாஸ் நிலம்' என்றால் காயவைத்துத் தீவனமாக்கும் புல் வளர்க்கும் ஆற்றோரப் புல்வெளி. பிப்ரவரியிலிருந்து லாமாஸ் வரை ஒவ்வொரு பட்டையின் புல்லும் அதன் உடைமையாளருக்கு. லாமாஸ் அன்று வேலியைத் திறந்துவிட்டால் ஊர் மாடுகள் எல்லாம் மேயலாம். வில்ட்ஷையரில் க்ரிக்லேட் ஊரின் 'நார்த் மெடோ' இன்றும் அப்படியே நடக்கிறது. ஜூலையில் புல் அறுப்பு. பிறகு ஆகஸ்ட் 12 முதல் பிப்ரவரி 12 வரை பொது மேய்ச்சல். இரண்டு தேதிகளும் 1752இல் தொலைந்த பதினொரு நாளைச் சேர்த்துக் கொண்டவை. கட்டம் போட்ட கருஞ்சிவப்பு மணிபோல் பூக்கும் ஃப்ரிட்டிலரி என்ற அரிய செடி பிரிட்டனில் பெருமளவு இந்த ஒரு புல்வெளியில்தான் இருக்கிறது. புல் அறுக்கும் முன் விதை முற்றி உதிர்ந்துவிடுவதும், பிறகு மாடு மேய்வதால் முரட்டுப் புல் அடங்குவதுமே காரணம். திருநாளை எல்லோரும் மறந்த பிறகும் தேதி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

## 20ஆம் நூற்றாண்டில் நடந்தது

1. ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபார் ஊரில் 1661இல் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் வாக்குமூலத்தில், ஆண்டுக்கு நான்கு முறை கூடுவோம், அதில் ஒன்று லாமாஸ் என்று வருகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கரெட் மரே 1921இல் இதைப் பிடித்துக்கொண்டு, மேற்கு ஐரோப்பா முழுதும் ஒரு ரகசியப் பேகன் சமயம் இருந்ததென்று வாதிட்டார். இன்றைய வரலாற்றாய்வாளர்கள் அந்த வாதத்தை ஏற்பதில்லை.
2. ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர், 1951இல் பிரிட்டனின் சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பின், விக்காவை வெளிப்படையாக அறிமுகப்படுத்தினார். அந்த நான்கு நாளும் அதில் இடம்பெற்றன.
3. 1950களின் இறுதியில் சூரியனின் நான்கு நாள்களும் (நீண்ட பகல், குறுகிய பகல், இரண்டு சமநாள்கள்) சேர்ந்து எட்டு விழாக்கள் கொண்ட 'ஆண்டுச் சக்கரம்' உருவானது. எட்டையும் ஒருசேரக் கொண்டாடிய பழைய சமூகம் எதற்கும் சான்று இல்லை.

இந்தச் சக்கரத்தில் லூனசா மூன்று அறுவடை விழாக்களில் முதலாவது. கதிரோடு தானிய தெய்வமும் வெட்டுப்பட்டு ரொட்டியாக மீள்கிறது என்பது அதன் இறையியல். புதியது என்பதால் போலி என்று சொல்லிவிட முடியாது. எல்லாச் சமயமும் ஒருநாள் புதிதாக இருந்ததுதான். ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்வதில்தான் சிக்கல்.

## கதிர்க்கட்டு ரொட்டி: அளவும் தவறுகளும்

இன்று அதிகம் செய்யப்படுவது கோதுமைக் கதிர்க்கட்டு வடிவ ரொட்டி. இதில் அடிப்படை விதி, ஈஸ்ட் குறைவாக இருக்க வேண்டும். வழக்கமான ரொட்டிபோல் உப்பினால் வெட்டிய கதிர் வடிவம் முழுதும் மழுங்கிவிடும்.

1. ரொட்டி மாவு 1 கிலோ, உப்பு 20 கிராம், உலர் ஈஸ்ட் 5 கிராம், தண்ணீர் சுமார் 550 மில்லி. இறுக்கமாகப் பத்து நிமிடம் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்.
2. மூன்றில் ஒரு பங்கை 8 மில்லிமீட்டர் கனத்தில் காளான் வடிவமாகத் தட்டி, முள்கரண்டியால் முழுதும் குத்துங்கள். குத்தாமல் விட்டால் அடியில் காற்று தங்கி நடுவே மேடு கிளம்பும்.
3. இன்னொரு பங்கைப் பென்சில் கனத்தில் உருட்டித் தாள்களாக, அதாவது கதிரின் தண்டுகளாக, அடுக்குங்கள். மீதியைச் சிறு நீள் உருண்டைகளாக்கி, கத்தரிக்கோல் நுனியால் இருபுறமும் கிள்ளி வெட்டினால் கதிர். ஒட்டுவதற்குத் தண்ணீர் போதும். தாளில் ஏறும் எலி ஒன்று வைப்பது மரபு.
4. முட்டை தடவி 220 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். பிறகு 150க்குக் குறைத்து ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல். கடைசி வரை அதிக சூட்டிலேயே விட்டால் மேலே கருகி உள்ளே ஈரம் நிற்கும். அலங்காரத்துக்கு வைத்தால் சில நாளில் பூஞ்சை.

மழையில் நனைந்து முளைவிடத் தொடங்கிய கோதுமையில் மாவுப்பொருளை உடைக்கும் நொதி கூடிவிடும். அந்த மாவில் எவ்வளவு சுட்டாலும் உள்புறம் பிசுபிசுக்கும். பழைய காலத்துப் புது ரொட்டி பலமுறை அப்படித்தான் இருந்திருக்கும்.

## வைக்கோல் பொம்மை: முதல் கதிரா, கடைசிக் கதிரா?

லாமாஸ் படங்களில் தவறாமல் வரும் கதிர்ப் பொம்மை, உண்மையில் அறுவடையின் கடைசிக் கட்டுக்குரியது. கார்ன்வாலிலும் டெவனிலும் கடைசியாக நிற்கும் ஒரு கைப்பிடியை அறுத்து, உயர்த்திப் பிடித்துக் கூவுவார்கள். வேல்ஸில் தூர நின்று அரிவாளை எறிந்து அதை வெட்டுவது போட்டி. தானிய ஆவி அந்தக் கட்டில் ஒளிந்திருக்கிறது என்ற விளக்கம் 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் மான்ஹார்ட், ஃப்ரேசர் ஆகியோர் தந்தது. அறுத்தவர்களே அப்படி நம்பினார்கள் என்பதற்கான சான்று குறைவு.

பின்னுபவர்களுக்கு மட்டும் லாமாஸ் வேறொரு வகையில் பொருந்துகிறது. பின்னும் தாளை விவசாயியின் அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, தாள் மஞ்சளாகிக் கணு மட்டும் பச்சையாக இருக்கும்போது வெட்ட வேண்டும். முற்றினால் நொறுங்கும். கதிருக்கும் முதல் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதிதான் பயன்படும். இன்றைய குட்டை ரகங்களில் அது நீளமாக இருக்காது. ஆகவே 1964இல் வந்த 'மாரிஸ் விட்ஜன்' போன்ற நெட்டை ரகத்தை இதற்கென்றே பயிரிடுகிறார்கள்.

வெட்டிய தாளை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துண்டில் சுற்றி வைப்பார்கள். அதிகம் ஊறினால் நிறம் மங்கி வழுவழுக்கும். ஐந்து தாளைக் கதிருக்குச் சற்றுக் கீழே கட்டி, நான்கு திசைக்கு விரித்தால் ஒரு திசையில் இரண்டு நிற்கும். அந்த இரண்டில் முன்பே இருந்ததை எடுத்து, மற்றதைத் தாண்டி அடுத்த திசைத் தாளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, கால் வட்டம் திருப்ப வேண்டும்; இதே அசைவுதான் கடைசி வரை. தாளை வெளிப்புறம் வைத்தால் சுருள் விரியும், உட்புறம் வைத்தால் குறுகும். தீர்ந்துபோனால் புதுத் தாளின் மெல்லிய முனையைப் பழையதன் பருத்த துளைக்குள் செருகலாம். செருகலை மூலை மடிப்பை ஒட்டி வைக்காவிட்டால் அடுத்த திருப்பத்திலேயே நழுவி வந்துவிடும்.